ஒரு கட்டை வாத்தியாரும் ஐந்தரைக் கட்டைப் பிள்ளையும்

(தேனியில் இசை ஆசிரியர்களும் இசை ஆர்வலர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் ஆர்மோனியம் இருப்பதைப் பார்த்துக் கச்சேரி என்று நினைத்து முன்வரிசைக்கு வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசி விளங்கவைக்க முடியாத இடங்களில் இந்தப் பெட்டி பேசும். அதற்காகத்தான் தூக்கி வந்தேன்.

உங்கள் பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நாலைந்து மாணவிகள். மைக் முன்னால் நின்று, தங்கள் தொண்டைக்கு வசதியான இடத்தில் எடுப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? உதடு அசையும், சத்தம் வராது. இரண்டு பேர் அடித்தொண்டையில் உறுமுவார்கள். எவனோ ஒருவன் துணிந்து மேலே போவான், குரல் பிசிறும், பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான், உடற்கல்வி ஆசிரியர் முறைப்பார். 2021 டிசம்பரில் அந்தப் பாட்டை மாநிலப் பாடலாக அறிவித்தபோது இன்ன ராகம், இன்ன நடை, 55 வினாடி என்றெல்லாம் அரசாணையில் எழுதினார்கள். எத்தனை கட்டைச் சுருதி, அதாவது எந்த உயரத்தில் ஸட்ஜத்தை வைப்பது என்று எழுதவில்லை. எழுதவும் முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இவனுக்குச் சுருதி சேராது' என்று நாம் ஓரங்கட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்குச் சுருதி கொடுத்த இடம்தான் தப்பு. உண்மையிலேயே சுர வேறுபாடு காதில் விழாதவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு வேறுபாடு கேட்கிறது, தொண்டையில் கொண்டுவரத்தான் தெரியவில்லை. இசை உளவியல் ஆராய்ச்சிக்காரர்களும் இதையே கண்டிருக்கிறார்கள்.

(ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தை அழுத்துகிறார்.)

இது ஒரு கட்டை. ஆண் பாடகர் ஒருவர் இங்கே உட்கார்ந்தால் அவருடைய நடு ஸட்ஜம் வினாடிக்குச் சுமார் 131 அதிர்வு. கீழே மந்தர பஞ்சமம் 98, மேலே தார பஞ்சமம் 392. இந்த இரண்டு பஞ்சமங்களுக்கும் நடுவில்தான் கச்சேரி ஏறக்குறைய முழுவதும் நடக்கிறது. இனி ஐந்தரைக் கட்டை. பெண்களுக்குப் பழகிய இடம். ஸட்ஜம் 208, மந்தர பஞ்சமம் 156, தார பஞ்சமம் 623.

ஐந்தரைக் கட்டைப் பிள்ளை ஒன்று ஒரு கட்டை வாத்தியாரிடம் பாட்டுக்கு வருகிறது என்று வையுங்கள். வாத்தியார் 'ஸா' என்கிறார். 131. பிள்ளையின் குரல் 156-லேயே தரை தட்டிவிட்டது, அதற்குக் கீழே வெறும் காற்றுதான். சரி, ஒரு ஸ்தாயி தள்ளி 262-இல் பிடிக்கட்டுமே என்கிறீர்களா? பிடித்துவிடும். ஸரிகம வரைக்கும் அழகாக வரும். ஆனால் தார ஸட்ஜம் 523-இல் இருக்கிறது. அதற்கு மேலும் ரி, க, ம, ப என்று 785 வரைக்கும் ஏற வேண்டும். தொண்டை நரம்பு புடைக்கும். ஆக, வாத்தியாரின் ஒரு கட்டை அந்தப் பிள்ளைக்குக் கீழேயும் எட்டாது, மேலேயும் எட்டாது.

அப்போது பிள்ளை என்ன செய்யும்? இரண்டுக்கும் நடுவில், தனக்கு வசதியான 200-ஐ ஒட்டி எதையோ பிடித்துக்கொள்ளும். வாத்தியார் முகம் சுளிப்பார். 'சுருதியே நிக்கல, டான்ஸ் கிளாஸ்ல சேர்த்து விடுங்கம்மா' என்று தாயாரிடம் சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு கட்டையின் பஞ்சமம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 196. பிள்ளை போய் நின்றது பஞ்சமத்துக்குப் பக்கத்தில்! ஸட்ஜத்துக்கு அடுத்தபடி அதனோடு இணங்கிப் போகிற சுரம் அதுதான். ஞானமில்லாத காது அங்கே போய் நிற்குமா?

இனி ஒரு சூட்சுமம். இந்தப் பெட்டிக்குள் இரண்டு வரிசை ரீடு இருக்கிறது. பெட்டி செய்கிறவர்கள் பேஸ், மேல், ஃபீமேல் என்று வரிசைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு வரிசையையும் திறந்து வைத்து ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு சுரம் சேர்ந்து வருகிறது. கேளுங்கள். (வாசிக்கிறார்.) நமக்கு இது ஒரே சுரம். புதிதாக வரும் பிள்ளைக்கு, எதைப் பிடிப்பது என்று தெரியாத சத்தம். ஆரம்பப் பாடத்துக்கு ஒரு வரிசையை மூடிவிடுங்கள். பிள்ளையின் குரல் எங்கே இருக்கிறதோ அந்த வரிசை மட்டும் ஒலிக்கட்டும். செல்போன் ஆப்பில் தம்புரா போடுகிறவர்களும் ஆண் சுருதி, பெண் சுருதி பார்த்துப் போட வேண்டும். வகுப்பில் பாதி நேரம் யாரோ கடைசியாக வைத்த சுருதிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு, இது காதுக்கு. 300 அதிர்வில் ஒரு சுரத்தை ஆண் பாடினால் அது அவருக்கு உச்சிப் பக்கம். குரலில் இறுக்கமும் கணீரென்ற முனையும் வந்துவிடும். அதே 300-ஐப் பெண் பாடினால் அது அவருக்குக் கீழ்ப்பாதி. மெத்தென்று, பேசுவதுபோல் வரும். சுரம் துல்லியமாக ஒன்றே. கேட்பவரோ, 'அவர் ரொம்ப மேலே பாடுறார், இந்தம்மா கீழே பாடுறாங்க' என்பார். நாம் அதிர்வை மட்டும் கேட்பதில்லை, தொண்டை படும் பாட்டையும் சேர்த்துக் கேட்கிறோம். கூட்டமாகப் பாடும்போது பாதிப் பேர் சுருதியை விட்டு வெளியேறுவது இதனால்தான். பக்கத்துக் குரலின் முயற்சியை இவர்கள் நகல் எடுக்கிறார்கள். அவர் முக்கிப் பாடினால் இவரும் முக்குகிறார், சுரம் எங்கோ போய்விடுகிறது.

சேர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் பெட்டியே சாட்சி. பழைய பெட்டிகளில் ஒரு ரீடு கொஞ்சம் இறங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்துகிறேன். (வாசிக்கிறார்.) வவ்... வவ்... வவ் என்று அலைகிறதல்லவா? ஒன்று 262, மற்றது 264 என்றால் வினாடிக்கு இரண்டு அலை. வித்தியாசம் குறையக் குறைய அலை நிதானமாகும், சேர்ந்ததும் நின்றுவிடும். ஒரு ஸ்தாயி தள்ளி இருக்கும் குரல்களுக்கும் இது பொருந்தும். 131-இல் பாடும் ஆண் குரலுக்குள்ளேயே 262-ம் ஒளிந்திருக்கிறது, 393-ம் ஒளிந்திருக்கிறது. மேலே பெண் 264-இல் நின்றால் அந்த ஒளிந்திருக்கும் 262-உடன் உரசி அலை வரும். ஆகவே கீழே பாடுபவரும் மேலே பாடுபவரும் சேர்ந்திருக்கிறார்களா என்பது கேள்விஞானத்துக்கு மட்டும் எட்டுகிற ரகசியமில்லை. சத்தத்தைக் குறைத்து, 'ஊ' என்று நீட்டிப் பாடச்சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியும். 'ஆ' என்று கத்தினால் எதுவும் தெரியாது.

குரலுக்கு மூன்று தட்டு உண்டு என்பது நம் முன்னோர்க்குப் புதிதில்லை. மெலிவு, சமன், வலிவு என்று பழந்தமிழ் இசை பேசியதைத்தான் பின்னால் மந்தரம், மத்திமம், தாரம் என்றார்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் மேடையைப் பாருங்கள். குழல் முதலில் நிற்கிறது, அதன் வழியே யாழ் நிற்கிறது, அதற்குப் பின்னால் தோற்கருவிகள். சுருதியை எங்கே வைப்பது என்பதை ஒருவர் முதலில் முடிவு செய்ய வேண்டும், மற்றவர்கள் அங்கே வந்து சேர வேண்டும் என்ற நடைமுறை அப்போதே இருந்திருக்கிறது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். மதுரையிலிருந்து கம்பம், கூடலூர் வரைக்கும் கோயில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் போட்ட மண் இது. வள்ளி திருமணத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் விடிய விடியத் தர்க்கம் செய்வார்கள். அவர் பாட்டுக்கு அவர் ஒரு கட்டையிலும், இந்த அம்மா பாட்டுக்கு ஐந்தரையிலும் பாடினால் ஆர்மோனியக்காரர் கதி என்ன? ஒவ்வொரு பதில் பாட்டுக்கும் சுருதி மாற்ற முடியுமா? மேடையில் ஒரு சமாதானம் வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஆண்கள் மேலே ஏறி வந்தார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஆண் குரல் அந்த உயரத்தில் எப்படி அலுங்காமல் நின்றது என்று. 1906-இல் பிறந்து 1933-இல் போய்விட்ட மனிதர், 27 வயது. கே.பி. சுந்தராம்பாளோடு அவர் மேடையேறிய காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கு வசனமும் பாட்டும் போய்ச்சேர மைக் கிடையாது. உச்சத்தில் பாடினால்தான் கேட்கும். கேட்பதற்காக ஏறிய ஏற்றம், பெண் குரலோடு ஒரே சுருதியைப் பகிர்ந்துகொள்ளவும் வழிசெய்தது. இரண்டு காரியமும் ஒன்றாக முடிந்தன.

மைக் வந்தது. ஆண் குரல்கள் இறங்கின. நாதஸ்வரமும் இறங்கியது. திமிரி நாதஸ்வரம் கோலோச்சிய இடத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாதஸ்வரத்தைக் கொண்டுவந்து சுருதியைத் தணித்தார். இறங்கியதால் கிடைத்த இதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மந்தர ஸ்தாயியில் குழைந்து பாடும் சுகமே மைக் தந்த வரம். ஆனால் ஆணும் பெண்ணும் தள்ளித் தள்ளிப் போனது அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். கர்நாடக சங்கீத மேடையில் அண்ணன் தம்பி ஜோடி, அக்கா தங்கை ஜோடி எத்தனை! ஆண் பெண் ஜோடியை விரல்விட்டு எண்ணிவிடலாம். வடக்கே பண்டிட் ஜஸ்ராஜ் இதற்கு ஒரு யுக்தி செய்தார். ஜஸ்ரங்கி என்று பெயர். ஆணின் மத்திமம் பெண்ணுக்கு ஸட்ஜம், பெண்ணின் பஞ்சமம் ஆணுக்கு ஸட்ஜம். ஆளுக்கொரு ராகம் பாடுவார்கள், ஒலிக்கும் சுரங்களோ பொதுவானவை. நம் கிரக பேதக் கணக்குதான். யாரும் தொண்டையை நோகடித்துக்கொள்ள வேண்டியதில்லை. திரைப்பாட்டில் டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் போன்றவர்களுக்கு மேல் ஸ்தாயி கணீரென்று கைகொடுத்தது. அதனால் பி. சுசீலாவோடு ஜோடிப் பாட்டு அமைக்கும்போது இசையமைப்பாளருக்குத் தலைவலி குறைவு.

நாடகத்துக்குத் திரும்புகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். முழுக்கச் சிறுவர்கள் நடித்த கம்பெனி. பெண் வேடமும் பையன்களே. அந்தக் கம்பெனிகளில் எல்லோரும் பயந்தது மகரக்கட்டுக்கு. பதின்மூன்று பதினான்கு வயதில் பையனின் குரல்நாண் நீண்டு தடிக்கிறது. சில மாதங்களுக்குள் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரல் மாறும், இரண்டு மூன்று சுரத்தோடு நின்றுவிடும். பையனுக்கோ தரையே பெயர்ந்து போகிறது. நேற்றுவரை தார ஸட்ஜம் பிடித்தவன் இன்று எதைப் பிடித்தாலும் வழுக்கும். அவன் கேட்கும் சுரம் மாறவில்லை, அதைப் பிடிக்கத் தொண்டைக்குப் பழகிய அளவுதான் மாறிவிட்டது. நம் வழிபாட்டு வரிசையில் உறுமுகிறானே, அவன் நிலைமை இதுதான்.

பண்ணைப்புரத்து ராசையாவுக்கும் இது நடந்தது. 1943-இல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் நின்றபோது தோட்டத் தொழிலாளர்களிடம் தமிழில் பாடி வாக்குக் கேட்டவர் பாவலர். ரோசம்மா ஜெயித்தார். அண்ணனின் குழுவில் ராசையாவுக்கு வேலை, பெண் குரலில் பாடுவது. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும் என்று பிற்காலத்தில் மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். மகரக்கட்டு வந்தது, பெண் குரல் போனது. பிறகு கை ஆர்மோனியத்தில் உட்கார்ந்தது. அந்த ராசையா சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்து, 1976-இல் அன்னக்கிளியோடு இளையராஜாவாக வந்த கதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்டு வியக்கும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவருடைய கோரஸ் பெண் குரல்கள் எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன, கதாநாயகனின் குரல் எந்த இடத்தில் அவற்றைச் சந்திக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். ஒரே உடம்பில் இரண்டு குரலையும் வைத்திருந்து ஒன்றைப் பறிகொடுத்தவரின் கணக்கு அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நிரூபிக்க முடியாத பேச்சு, விட்டுவிடுகிறேன்.

இனி ஆசிரியர்களுக்கான சமாசாரம்.

'நான் பாடுகிறேன், நீ பிடி' என்பதைத் தலைகீழாக்குங்கள். சுருதி சேராத பிள்ளையைப் பெட்டி பக்கத்தில் உட்காரவைத்து, எதையாவது ஒரு சுரத்தை நீட்டச் சொல்லுங்கள். எதுவானாலும் சரி. நீங்கள் அதைப் பெட்டியில் தேடிக் கண்டுபிடித்து அழுத்துங்கள். அலை நிற்கும் கணத்தில் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள், தெரிந்துவிடும். 'சேர்ந்திருப்பது' என்றால் உடம்புக்குள் எப்படி இருக்கும் என்று அது முதல்முறையாக அறிகிறது. அங்கிருந்து அரைக் கட்டை மேலே, அரைக் கட்டை கீழே. ஒரே நாளில் ஸ்தாயி முழுக்க ஏற்ற வேண்டியதில்லை.

மேல் ஸ்தாயி எனக்கு வராது என்று சாதிக்கும் பிள்ளையை வயல் வரப்பில் நிறுத்தி, எட்டத்தில் இருப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். 'ஏ... அக்கோவ்!' என்று நீட்டும்போது அந்தக் கடைசி எழுத்து எங்கே போய் நிற்கிறது என்று பெட்டியில் பாருங்கள். வராது என்று சொன்ன இடத்துக்கும் மேலே இருக்கும். நடவுக்கும் களைக்கும் போகிற நம் பெண்களுக்கு அந்த உயரத்தில் குரல் போடப் பாட்டு வாத்தியார் தேவைப்பட்டதில்லை.

அடிக்குரல் ஓய்ந்து தலைக்குரல் தொடங்கும் சந்தி ஒன்று உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய அது ஒரே இடம், 300-க்கும் 350-க்கும் அக்கம்பக்கம். ஒரு கட்டை ஆணுக்கு அது தார ஸ்தாயியின் காந்தார மத்திமம், ஏறக்குறைய எல்லை. ஐந்தரைக் கட்டைப் பெண்ணுக்கு நடு ஸ்தாயிப் பஞ்சமத்தின் பக்கம், பாட்டின் நட்டநடு. அதனால் இந்தச் சந்தியைப் பெண்கள் ஒரு பாட்டில் நூறு தடவை கடக்கிறார்கள், ஆண்கள் எப்போதாவது போய் முட்டிக்கொள்கிறார்கள். போடி மெட்டு ஏறுகிற டிரைவர் வளைவுக்குள் புகுந்த பிறகு கியரைத் தேட மாட்டார், முன்னாலேயே மாற்றிவிடுவார். குரலும் அப்படித்தான். பஞ்சமத்தில் பிசிறுகிறது என்றால் மத்திமத்திலேயே சத்தத்தைக் குறைத்துத் தலைக்குரலைக் கொஞ்சம் கலக்க வேண்டும். 'கள்ளத் தொண்டை' என்று பழைய பாகவதர்கள் திட்டியது எனக்கும் தெரியும். முழுப் பாட்டையும் அதில் ஒப்பேற்றினால் திட்டத்தான் வேண்டும். சந்தியைக் கடக்க உதவினால் ஏன் திட்ட வேண்டும்?

கீழே போகும்போது இதற்கு நேர்மாறு. மந்தரத்தில் சத்தம் போதவில்லை என்று காற்றை அழுத்தித் தள்ளுகிறார்கள். சுரம் மேலே எகிறிவிடும், இல்லையென்றால் கரகரக்கும். அங்கே குறைத்துப் பாட வேண்டும், மைக்கை அருகில் இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தானே மைக்?

குரல் உடையும் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். சில மாதங்களுக்கு அவனுக்கு ஐந்தாறு சுரம்தான் நிற்கும். அதற்குள் அடங்குகிற வரிகளை மட்டும் அவன் பாடட்டும், மற்ற இடத்தில் வாயை மூடி ஹம் செய்யட்டும். 'ஆம்பளை மாதிரி கத்திப் பாடு' என்பவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

வழிபாட்டுப் பாட்டுக்கு என் யோசனை இது. பாட்டின் உச்ச சுரம் எது, அடி சுரம் எது என்று முதலில் பாருங்கள். மாணவிகளுக்கு உச்சம் 523-ஐத் தாண்டாமலும் அடி 200-க்குக் கீழே போகாமலும் சுருதியை வையுங்கள். குரல் உடைந்து முடிந்த பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே தாராளமாக நிற்பார்கள். கடைசியாக ஒன்று, எடுத்துக் கொடுக்கும் மைக்கில் மாணவிகளோடு குரல் உடைந்த பையன் ஒருவனையும் நிறுத்துங்கள். மற்றவர்களுக்குத் தாங்கள் பிடிக்க வேண்டிய இடம் காதில் விழ வேண்டுமே.

பேச்சு போதும், செய்து பார்க்கலாம். பெட்டியில் நாலு கட்டை வைத்திருக்கிறேன், ஒற்றை ரீடு. ஆசிரியைகள் முதலில் 'ஊ' என்று எடுங்கள், மெதுவாக. ஆண்கள் பொறுங்கள், நான் கை காட்டியதும் ஒரு ஸ்தாயி கீழே வந்து சேருங்கள். பின்வரிசையில் 'எனக்குச் சுருதி சேராது' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அன்பர் தயவுசெய்து முன்னால் வாருங்கள், உங்களிடமிருந்துதான் நான் சுருதி எடுக்கப் போகிறேன்.